அணைப்பைவிடப் பெரிது அந்தப் பலகை

2004 ஜூன் 30 அன்று, சிட்னி நகரின் பிட் ஸ்ட்ரீட் கடைவீதியில் ஓர் இளைஞர் அட்டைப் பலகை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அதன் இரண்டு பக்கமும் 'இலவச அணைப்பு' என்று எழுதியிருந்தது. ஜுவான் மான் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். லண்டன் வாழ்க்கை கலைந்துபோய் ஊர் திரும்பியவர்; விமான நிலையத்தில் அவரை எதிர்கொள்ள ஒருவரும் வரவில்லை. கடைவீதியிலும் கால் மணி நேரம்வரை எவரும் கிட்டே நெருங்கவில்லை. கடைசியில் ஒரு பெண்மணி வந்து தோளைத் தட்டினார். அன்று காலை அவருடைய நாய் இறந்துவிட்டிருந்தது. ஒரே மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்து அன்றோடு ஓர் ஆண்டு. குள்ளமான அந்த அம்மாவுக்காக முழங்காலிட்டு அணைத்துக்கொண்டதாக மான் பின்னர் எழுதினார். பிரியும்போது அவர் சிரித்தாராம்.

நகர நிர்வாகம் இதை எளிதில் விடவில்லை. பொது இடத்தில் இப்படிச் செய்ய 2.5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்றது. யாரிடம் இருக்கிறது அவ்வளவு பணம்? ஆதரவாளர்கள் 10,000 பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகு தடை விலகியது. ராக் இசைக் குழு ஒன்றின் பாடகரான ஷிமோன் மூர் இதையெல்லாம் படம்பிடித்து வைத்திருந்தார். மானின் பாட்டி இறந்தபோது நண்பனுக்கு ஆறுதலாக அதைத் தொகுத்துக் கொடுத்தார். 2006 செப்டம்பரில் யூடியூபில் ஏறிய அந்தக் காணொளியைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பல நாட்டுத் தெருக்களிலும் பலகைகள் முளைத்தன.

அந்தக் காணொளியைப் பார்ப்பவர்கள் அணைப்புகளைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கால் மணி நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. பலகையைப் பிடித்தவர் யாரையும் துரத்தவில்லை, வழிமறிக்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமையை முழுக்க எதிரில் வருபவரிடம் விட்டுவிட்டு, ஏளனப் பார்வைகளுக்கு நடுவே காத்திருந்தார். 2015 நவம்பரில் பாரிஸில் தீவிரவாதத் தாக்குதல் நடந்து சில நாள்களே ஆகியிருந்தபோது, ரிபப்ளிக் சதுக்கத்தில் ஒரு முஸ்லிம் இளைஞர் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைத் தீவிரவாதி என்கிறார்கள், நான் உங்களை நம்புகிறேன், நீங்களும் நம்பினால் அணைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் எழுதிய அட்டை அவர் அருகில் இருந்தது. வருவது யார், தழுவுவார்களா தாக்குவார்களா என்று அவருக்குத் தெரியாது. வரிசையில் வந்து தழுவியவர்களில் பலர் அழுதார்கள்.

அணைப்பை மருந்தாக விற்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் கோஹன் குழு 404 பேரிடம் செய்த ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பதினான்கு நாள் மாலையும் அன்றைய சச்சரவுகளையும் அணைப்புகளையும் விசாரித்துக் குறித்துக்கொண்டு, பிறகு அவர்களைச் சளிக் கிருமிக்கு ஆட்படுத்தினார்கள். மனத்தாங்கலால் நோய்த்தொற்று கூடும் அபாயம், தங்களுக்கு ஆதரவாக ஆள் உண்டு என்று உணர்ந்தவர்களிடம் தென்படவில்லை; அந்தப் பாதுகாப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணைப்பினால் வந்தது என்பது 2015இல் வெளியான முடிவு. அவர்கள் பேசியது அன்றாட வாழ்க்கையில் கிடைக்கும் ஆதரவைப் பற்றி. கடைவீதியில் முன்பின் தெரியாதவர் தரும் ஐந்து விநாடித் தழுவலுக்கு அதே பலன் உண்டென்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

ஆனால் நோய் இருப்பது உண்மை. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுக்கு அதில் தொடர்பிருக்கிறது என்று 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிரிட்டன் 2018லும் ஜப்பான் 2021லும் தனிமைக்கென்றே அமைச்சரை நியமித்தன.

தெருவில் நின்று அணைப்பதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்ற வாதம் உடனே வரும். துக்க வீட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வேற்றூரிலிருந்து வேன் வந்து நிற்கும். இறங்கும் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பந்தலுக்கு ஓடிவருவார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் இடம் விட்டுக் கை நீட்ட, தோளோடு தோள் பின்னி வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி எழும்பும். அந்த வட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன உறவு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. நடுத்தெருவில், நூறு பேர் பார்க்க, அறியாதவரைக் கட்டிக்கொண்டு அழுவதற்குத் தமிழ்ப் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அனுமதி இருந்திருக்கிறது. ரம்ஜான் தொழுகை முடிந்த திடலில் ஆண்கள் ஒருவரையொருவர் மார்போடு தழுவுவதும் வெட்டவெளியில்தான். அணைப்பு நமக்குப் புதிதல்ல. சடங்கின் துணை இல்லாமல் அணைப்பதுதான் நமக்கு வரவில்லை.

அந்தத் துணை இல்லாதபோது என்ன நடக்கிறது என்று 2018 ஏப்ரல் 30 இரவு கொல்கத்தா காட்டியது. மெட்ரோ ரயிலில் அணைத்தபடி நின்ற ஓர் இளம் ஜோடியைப் பெரியவர்கள் சிலர் டம்டம் நிலையத்தில் இறக்கி அடித்தார்கள். அதன் பிறகு இளைஞர்கள் மெட்ரோ வாசலில் 'இலவச அணைப்பு' அட்டைகளோடு நின்றார்கள். அடித்தவர்களுக்கு அதைவிடக் கண்ணியமான பதிலை என்னால் யோசிக்க முடியவில்லை. சவூதியின் ரியாத் நகரில் 2013இல் இதே அட்டையோடு நின்ற இரண்டு இளைஞர்களை மதக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் பிற்போக்காளர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். நெரிசல் பேருந்தில் விரலிடுக்கில் ஊக்கை வைத்துக்கொண்டு பயணம் செய்து பழகிய பெண்ணுக்கு, அந்நியர் ஒருவர் கை விரித்து நிற்பது அன்பாகத் தெரியாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் அது முழுக்க அவளுடைய உரிமை. இன்று கைப்பேசியும் மைக்குமாகக் கடற்கரையில் திரிந்து, பெண்களிடம் 'ஒரு ஹக் கொடுங்க அக்கா' என்று வற்புறுத்தி, மறுத்தவரின் முகத்தையும் வெளியிட்டு லைக் தேடும் கூட்டத்துக்கும் சிட்னி இளைஞருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கேமரா முன்னால் மறுப்பது கடினம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மறுக்க முடியாத இடத்தில் கேட்பது கேட்பதே ஆகாது.

ஜுவான் மான் பலகை பிடித்த அதே 2004இல்தான் 'வசூல்ராஜா எம்பிபிஎஸ்' வந்து 'கட்டிப்பிடி வைத்தியம்' என்பதை ஊர் முழுக்கப் பரப்பியது. அதன் இந்தி மூலமான 'முன்னாபாய் எம்பிபிஎஸ்' படத்தில் ஒரு காட்சி உண்டு. மருத்துவமனையில் துடைத்த தரையை மிதித்துக்கொண்டே போகிறவர்களைத் திட்டிக்கொண்டிருக்கும் துப்புரவுத் தொழிலாளியை நாயகன் கட்டிப்பிடிப்பான். நம் ஊர்க் கேள்வி அந்தக் காட்சியில்தான் இருக்கிறது. சிட்னிக்காரரைத் தொட ஆளில்லாமல் செய்தது தனிமை. இங்கே கோடிக்கணக்கானவர்களைத் தொடக் கூடாது என்று விதித்தது சாதி. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து 75 ஆண்டுகள் கடந்த பிறகும், மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைக்காமல் உயரத்திலிருந்து போடும் விரல்களைப் பார்க்க முடிகிறது. நாணயம் கையில் பட்டுத் தெறித்துக் கீழே உருண்டால், குனிந்து எடுக்க வேண்டியவர் யார் என்பதும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. அணைப்பு வேண்டாம், அந்த விரல் நுனி ஓர் அங்குலம் கீழே இறங்கினால் போதும் என்ற நிலையில் இருக்கிறோம்.

கல்லூரி வாசலிலோ பூங்காவிலோ நாளை இளைஞர்கள் இப்படி ஒரு பலகையோடு நின்றால், காவல்துறை அவர்களை விரட்ட வேண்டாம். நிற்பவர்கள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும், பேசாமல் நிற்கட்டும், வராதவரைக் கூப்பிடாதிருக்கட்டும். கடந்து போகும் நமக்கு விருப்பமில்லையென்றால் ஒரு தலையசைப்போடு போய்விடலாம். ஆனால் நம் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் தண்ணீர் கேட்கும்போது, டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு விலகி நிற்காதீர்கள். வீட்டில் எல்லாரும் குடிக்கும் அதே டம்ளரில் ஊற்றி, அவர் கையில் கொடுங்கள்.