காலண்டரில் உண்டு, நாடகத்தில் இல்லை!

எம்.புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்து ஊர். பட்டாசு ஆபீசில் வேலை முடிந்து ஒரு தாய் வீடு திரும்புகிறாள். சுவரில் சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டர் தொங்குகிறது.

அதில் தைப்பூசம் இருக்கிறது. ரம்ஜான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் இருக்கிறது.

அவள் டெலிவிஷனைப் போடுகிறாள். குடும்ப நாடகம் ஓடுகிறது. காலண்டரில் இருந்த பலரை அங்கே காணோம்!

இரண்டே காட்சி

பெரும்பாலான நாடகங்களில் ஒரே மாதிரி வீடு. ஒரே மாதிரி பூஜை அறை. ஒரே மாதிரி மாமியார்.

முஸ்லிம் வந்தால், குல்லாவுடன் பிரியாணி கொண்டு வருவார். கிறிஸ்தவப் பெண் வந்தால், கழுத்தில் சிலுவையுடன் நர்சாக வருவாள். இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் இரண்டே காட்சியில் போய்விடுவார்கள்!

அவர்கள் வீட்டில் மாமியார்-மருமகள் சண்டை கிடையாதா? மகள் கல்யாணக் கடன் கிடையாதா?

வேறு மதத்துப் பெண் மருமகளாக வந்தாலோ, கதை முழுவதும் மதத் தகராறுதான்.

தெருமுனைக் கதை

வேறு விதமாகவும் எடுக்கலாம். தூர்தர்ஷன் 1986-ல் "நுக்கட்" என்ற இந்தி நாடகத்தைக் காட்டியது. நுக்கட் என்றால் தெருமுனை.

அங்கே காதர் பாய் ஓட்டல் வைத்திருப்பார். சைக்கிள் கடை ஹரியும், எலெக்ட்ரிக் வேலை செய்யும் குருவும் அங்கே கூடுவார்கள். காதர் பாய் மதத்தைக் காட்ட வந்தவர் அல்ல. அவரும் அந்தத் தெருக்காரர். அவ்வளவுதான்.

ஜனங்கள் ஏற்பார்களா?

"ஜனங்கள் ஏற்க மாட்டார்கள்" என்பது சிலருடைய சாக்கு.

1988 அக்டோபர் 2-ந் தேதி டெலிவிஷனில் மகாபாரதம் தொடங்கியது. நாடே உட்கார்ந்து பார்த்தது. கண்ணன் பேசிய அந்த வசனங்களை எழுதியவர் யார்? டாக்டர் ராகி மாசூம் ரசா. உத்தரப்பிரதேசத்து முஸ்லிம்! ஜனங்கள் ஏற்றார்களா, இல்லையா?

பெயர் கேட்கவில்லை

நாடகம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று பிள்ளைகள் அதைப் பார்த்தும் படிக்கிறார்கள். இரண்டு காட்சி மட்டும் கண்ட பிள்ளை, அவரை விருந்தாளி என்றே நினைக்கும். சொந்த ஊர்க்காரர் என்று நினைக்காது.

சிவகாசி வட்டாரத்துக்கு இதன் விலை தெரியும். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி அருகே பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உதவி செய்ய ஓடியவர்களும் அதில் பலியானார்கள். உள்ளே இருப்பவன் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்டுவிட்டா அவர்கள் ஓடினார்கள்?

அந்த மனிதர்களை நாடகத்தில் காட்ட வேண்டும். உபதேசம் வேண்டாம். கடன் வாங்கட்டும், சண்டை போடட்டும், சமாதானம் ஆகட்டும். கதை முடியும் வரை கூடவே இருக்கட்டும்.

எல்லோருடைய பண்டிகையையும் போட்டால்தான் காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்கும். அச்சகக்காரருக்குத் தெரிந்த இந்த விஷயம், நாடகம் எடுப்பவருக்குத் தெரியாதா?