மூச்சுப் பயிற்சியில் அவசரம் ஆகாது

"என் மகன் கலாசாலையில் வாசிப்பவன். கைப்பேசியில் படம் பார்த்து, 'சீகோங்' என்னும் சீனத்து மூச்சுப் பயிற்சியை இரவில் மூன்று மணி நேரம் செய்கிறான். பத்து நாட்களாக அவனுக்குச் சரியான உறக்கமில்லை. இது யோகமா, ரோகமா?" என்று ஒரு தாயார் கேட்டு எழுதியிருக்கிறார்.

அம்மணி, அப்பியாசத்தின்மீது குறையில்லை, குறையெல்லாம் அவசரத்தின்மீதுதான். நாம் பிராணன் என்பதை ஏறக்குறைய ஒத்ததே சீனர் கூறும் 'சீ'. 'கோங்' என்பது நாள்பட்ட பழக்கத்தால் கைவரும் தேர்ச்சி. பெயரிலேயே நிதானம் அடங்கியிருக்கிறது! மாவாங்துயி என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறையொன்றிலிருந்து, இத்தகைய அசைவுகளைச் செய்யும் 44 உருவங்கள் தீட்டிய பட்டுச் சித்திரம் கிடைத்திருக்கிறது. வித்தை அவ்வளவு பழமையானது.

1980-க்குப் பின் சீன நகரங்களில் இது ஒரு ஜுரம்போலப் பரவிற்று. அளவு மீறிப் பழகிய சிலருக்குச் சித்தம் கலங்கியது. 'தீ வழி தவறிற்று, பூதம் புகுந்தது' என்று சீனர் இதைச் சொல்வதுண்டு. 1994-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கமும் தன் நூலில் இக்கோளாற்றைக் குறித்தது.

பூதமேதும் புகுவதில்லை. மூச்சை மிகையாக வாங்கி விட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. தலை சுற்றும், விரல் நுனிகள் மரத்துச் சிலிர்க்கும். புதியவர் அதையே சக்தி எழும்பும் அடையாளமென்று மயங்கி, முயற்சியை இரட்டிப்பாக்குகிறார். உறக்கமும் கெட்டால் மனம் தடுமாறக் கேட்க வேண்டுமா?

ஆகவே, முதலில் பையனை வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை பயிற்சி நிற்கட்டும். காதில் குரல் கேட்பதாகச் சொன்னாலோ, வீண் சந்தேகம் கொண்டாலோ ஒரு நாளும் தாமதியாதீர்கள். முன்பே மனநோய் கண்டவர்கள் வைத்தியரைக் கேளாமல் நெடுந்தியானத்தில் இறங்கலாகாது. உண்டுவரும் மருந்தையும் இதை நம்பி நிறுத்தலாகாது.

உடம்பு தேறி, வைத்தியரும் சம்மதித்தபின், 'பாதுவான்ஜின்' என்னும் எட்டு அசைவுகளோடு தொடங்கலாம். காலையில், கண் திறந்தபடி, பத்து நிமிஷம் போதும். மூச்சை அடக்க வேண்டாம். அது தன் போக்கில் வரட்டும். சில வாரம் சென்று ஐந்து நிமிஷம் கூட்டலாம். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும்.

பையனைக் கடிந்துகொள்ளாதீர்கள். முதல் அசைவு இரு கைகளாலும் வானத்தைத் தாங்குவது. தாயும் மகனுமாக அதைச் சேர்ந்தே செய்யுங்கள். நிதானம் தவறினால் பக்கத்திலிருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.