பெட்டியை வைத்துவிட்டு வந்தால் போதுமா?

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் நம் பக்கத்துப் பேருந்துகளில் தகரப் பெட்டியும் தட்டும் பக்கெட்டுமாகப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அரசு விடுதியில் சேர்க்க அழைத்துப் போகிறார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அன்றைய கூலி போய்விடும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பெட்டியை வைத்துவிட்டு, கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டும். கிளம்பும்போது பிள்ளையிடம் சொல்வது இதுதான்: "யார்கிட்டயும் வம்புக்குப் போகாத. குடுக்கறதத் தின்னுட்டு ஒழுங்காப் படி."

பெரும்பாலான விடுதிகளில் புதிதாக வரும் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே அறிமுகப் பயிற்சி அந்த இரண்டு வாக்கியம்தான்.

பொறியியல் கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி நடத்தச் சொல்கிறது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. மற்றக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 'தீக்ஷாரம்ப்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. பதினெட்டு வயதுக்காரருக்கே இது தேவை என்றால், முதல்முறை அம்மாவை விட்டுத் தூங்கப் போகும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு?

அதிகாரி வந்து சால்வை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதை நான் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தெரிய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். ராத்திரி கழிப்பறைக்குப் போக பயமாக இருந்தால் யாரை எழுப்புவது? பாயை நனைத்துவிட்டால் யாரிடம் சொல்வது? இதைச் சொல்லி மற்றவர்கள் கேலி செய்தே ஊருக்கு ஓடிப்போகிற பிள்ளைகள் உண்டு. பெண்பிள்ளைக்கு அங்கேயே முதல் மாதவிலக்கு வந்தால் நாப்கின் எங்கே, கூட யார்? பெரிய வகுப்பு அண்ணன் தன் துணியைத் துவைக்கச் சொன்னால் மறுக்கலாமா? வீட்டுக்குப் பேச யாருடைய போன், எந்தக் கிழமை? முதல் வாரத்திலேயே இவற்றைச் சொல்லிவிட்டால் பாதி அழுகை நின்றுவிடும். சொல்லாவிட்டால் பிள்ளை முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்து, திரும்பிப் போக மறுக்கும். பெற்றோரும் சரி, ஆடு மேய்க்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதன் பெயர் மட்டும் விடுதிப் பதிவேட்டில் இருக்கும்.

இன்னொன்று, உரிமை. பள்ளி விடுதி மாணவருக்கு மாத உணவுக் கட்டணம் 1,000 ரூபாயாக இருந்ததை 2023இல் அரசு 1,400 ஆக்கியது. நாளுக்கு ஏறத்தாழ 46 ரூபாய். அது தாராளமான தொகை இல்லை. ஆனால் அது தன் பெயரில் வருகிற பணம் என்று பிள்ளைக்குத் தெரிந்தால், குழம்பு தண்ணீராக இருக்கும்போது கேள்வி கேட்கும். "குடுக்கறதத் தின்னு" என்று பழக்கிய பிள்ளை கேட்காது. சில விடுதிகளில் அறிமுகம் நடக்காததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

பள்ளியில் வேறு தொல்லை. "ஹாஸ்டல் பசங்க எழுந்திரு" என்று ஆசிரியர் சொன்னாலே வகுப்புக்கு யார் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கச் சொன்னது. 2025 ஜூலையில் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வந்தது. நல்லதுதான். ஆனால் பலகை மாறிய விடுதியில் இருந்து வரும் பிள்ளையை வகுப்பில் எப்படிக் கூப்பிடுவது என்று ஆசிரியர்களுக்கும் ஒருநாள் சொல்லித்தர வேண்டும்.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியதிலிருந்து, இருக்க இடமும் படிக்கப் பள்ளியும் சேர்ந்து கிடைத்ததால்தான் நம்மில் பலர் படித்தோம். விடுதியில் தங்கிப் படித்துக் கல்லூரிக்குப் போனவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேராவது இருப்பீர்கள். காப்பாளரிடம் அனுமதி வாங்கி, இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பெற்றோர்கள் அடுத்த முறை போகும்போது காப்பாளரின் எண்ணையும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலக எண்ணையும் கேட்டு வாங்குங்கள். 14417 மாணவர் உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். இரண்டையும் பிள்ளையின் நோட்டு அட்டைக்கு உள்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.