எச்சரிக்கையை அணைத்துவிட்டு இணைவதா?

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை பத்தரை மணியளவில் கிட்ஹப் நிறுவனம் தன் சர்வரின் அடையாளச் சாவிகளில் ஒன்றை மாற்றியது. அதன் ஆர்எஸ்ஏ வகை ரகசியச் சாவி, பொதுவில் திறந்திருந்த ஒரு களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளியே தெரியும்படி கிடந்துவிட்டது. உலகின் ஏராளமான மென்பொருள் நிரல்கள் சேமிக்கப்பட்டிருக்கும் இடத்துக்கே இந்தக் கதி. பழைய சாவியை நினைவில் வைத்திருந்த கணினிகளிலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறையில் இணைய முயன்றவர்களுக்குத் திரையில் பெரிய எழுத்துகளில் எச்சரிக்கை வந்தது. எதிர்முனையின் அடையாளம் மாறியிருக்கிறது, யாரோ இந்த நொடியில் உங்களை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றது அது.

எச்சரிக்கையில் பிழை எதுவும் இல்லை. நேற்றுவரை பார்த்த முகம் இன்று இல்லை என்பதை கணினி சரியாகவே கண்டுபிடித்துச் சொன்னது. இப்படி ஒன்று வந்தால் அலுவலகங்களில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பழைய சாவியை அழிக்கும் ஒற்றை வரிக் கட்டளையை யாராவது குழு அரட்டையில் போடுவார். எல்லோரும் அதை ஒட்டி ஓட்டுவார்கள். புதிய சாவியை ஏற்கலாமா என்று கணினி கேட்கும். 'யெஸ்' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். புதிய சாவியின் கைரேகையை கிட்ஹப் அன்றே தன் தளத்தில் வெளியிட்டிருந்தது. திரையில் தெரிவதையும் அதையும் ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் செலவிடும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

நிரலெழுதும் கருவிக்கும் நிரல் சேமிக்கும் சர்வருக்கும் இடையே இணைப்பு அறுந்தால், அதைச் சரிசெய்வது என்பதற்கு 'எப்படியாவது இணைய வைப்பது' என்று நாம் பொருள் கொண்டிருக்கிறோம். இணைப்பு அறுந்ததால் வீணாவது சில மணி நேரம். அதற்குச் செய்யும் வைத்தியத்தால் வரும் கேடு பல ஆண்டுகள் கணினியில் தங்கிவிடுகிறது.

இதில் நிரலர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. 'இணைப்பு வரவில்லை' என்று நாம் சொல்வதற்குள் வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. சர்வரின் முகவரியே கிடைக்காமல் போகலாம். முகவரி கிடைத்தும் வழியில் யாராவது மறித்திருக்கலாம். வழி திறந்திருந்தும் எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று உறுதியாகாமல் இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, நாம் யார் என்பதை சர்வர் ஏற்காமலும் இருக்கலாம். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆனால் நிரலின் மாற்றங்களைக் கணக்கில் வைக்கும் கிட் மென்பொருள் எஸ்எஸ்எச் வழியில் இவை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே பாட்டைத்தான் பாடும்: தொலைவில் உள்ள களஞ்சியத்தைப் படிக்க முடியவில்லை, உங்களுக்கு உரிமை இருக்கிறதா, அப்படியொரு களஞ்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான காரணம் அதற்கு மேலே உள்ள ஒரு சிறிய வரியில் இருக்கும். கண் அங்கே போவதில்லை.

சில செய்திகள் வேண்டுமென்றே திசைதிருப்புபவை. அனுமதி இல்லாதவர் ஒரு தனியார் களஞ்சியத்தைக் கேட்டால், 'அனுமதி இல்லை' என்று கிட்ஹப் சொல்லாது. 'அப்படியொரு களஞ்சியமே இல்லை' என்றுதான் சொல்லும். இருப்பதை ஒப்புக்கொள்வதே ஒரு தகவல் கசிவு என்பது அதன் கணக்கு. பாதுகாப்பு நோக்கில் சரிதான். ஆனால், கடவுச்சொல்லுக்கு மாற்றாகத் தரும் டோக்கனில் போதிய உரிமை இல்லாத நிரலர் முகவரியில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. எஸ்எஸ்எச் சாவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளையை ஓட்டினால், உங்களை அடையாளம் கண்டுகொண்டோம், ஆனால் ஷெல் வசதி தருவதில்லை என்று பதில் வரும். இது வெற்றிச் செய்தி. புதிதாக வருபவர்கள் பலர் இதைத் தோல்வி என்றே வாசிப்பார்கள். கட்டளை முடியும்போது திருப்பித் தரும் குறியீடும் தோல்விக்குரியதுதான் என்னும்போது அவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

'டெர்மினலில் வேலை செய்கிறது, எடிட்டரில் செய்யவில்லை' என்ற புலம்பலைக் கேட்காத குழு இருக்காது. பேய் பிசாசு எதுவும் இல்லை. ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட கிட் இருக்கிறது, அவ்வளவுதான். விஎஸ் கோடும் இன்டெல்லிஜேயும் நாம் நிறுவிய கிட்டையே கூப்பிடுகின்றன. விஷுவல் ஸ்டுடியோ தனக்கென ஒரு கிட்டைக் கொண்டுவருகிறது. எக்லிப்ஸ், ஜாவாவில் முழுக்கத் திரும்ப எழுதப்பட்ட ஜேகிட்டைப் பயன்படுத்துகிறது; சர்வரின் அடையாளத்துக்கு அது நம்பும் சான்றிதழ்களின் பட்டியலும் ஜாவாவினுடையது. விண்டோஸில் கிட்டுடன் ஓர் எஸ்எஸ்எச் வரும். விண்டோஸ் 10 காலத்திலிருந்து இயங்குதளமும் தன் பங்குக்கு ஒன்றை வைத்திருக்கிறது. டார்ட்டாய்ஸ்கிட் போட்டிருந்தால் மூன்றாவதாக புட்டி வழி வந்த ஒன்றும் சேரும். சாவியை ஒன்றிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றிடம் கேட்டால் அது கையை விரிக்கும்.

2018 ஆகஸ்டில் ஓப்பன்எஸ்எஸ்எச் 7.8 வெளியானது. புதிதாக உருவாக்கும் சாவிகளை அது வேறொரு வடிவத்தில் சேமிக்கத் தொடங்கியது. ஜாவா கருவிகள் பலவும் நம்பியிருந்த ஜேஎஸ்சிஎச் என்ற நூலகத்துக்கு அந்த வடிவத்தை வாசிக்கத் தெரியாது. மூல நூலகத்துக்கு 2018க்குப் பிறகு புதிய வெளியீடும் வரவில்லை. டெர்மினலில் ஓடிய அதே சாவியைச் செல்லாது என்றது கருவி. சாவியில் எந்தக் குறையும் இல்லை, கருவிக்குத்தான் எழுத்து தெரியவில்லை. எக்லிப்ஸ் பின்னர் வேறு நூலகத்துக்கு மாறிக்கொண்டது. அப்படி மாறாத கருவிகளைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் சாவியைப் பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சர்வர்களும் சும்மா இருப்பதில்லை. 2018 பிப்ரவரி 22 அன்று கிட்ஹப் பழைய டிஎல்எஸ் 1.0, 1.1 இணைப்புகளை நிறுத்தியது. ஓராண்டு முன்பே அறிவித்தும், ஜாவா 7இல் ஓடிய கருவிகளும் பழைய விண்டோஸ் கடவுச்சொல் மேலாளரும் திகைத்து நின்றன. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்காமல் டோக்கன் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களுக்குப் பின்புலமாக நின்ற பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியாக, சொந்த சர்வரில் கிட்லாப் நடத்தியவர்களில் சிலர், எதையும் தொடாமலேயே எல்லாம் உடைந்ததைக் கண்டார்கள். இவை எல்லாமே தேவையான மாற்றங்கள். இவற்றுக்கு எதிராகப் புலம்புவதில் எனக்கு அனுதாபம் இல்லை. ஆனால் 2021 ஆகஸ்ட் மாற்றத்துக்குப் பலர் கண்ட தீர்வு டோக்கனைக் களஞ்சிய முகவரிக்குள்ளேயே எழுதி வைப்பது. அப்படிச் செய்தால் அது கிட்டின் அமைப்புக் கோப்பில் யாரும் வாசிக்கும்படி திறந்தே கிடக்கும். கடவுச்சொல்லைத் தவிர்க்கச் சொன்ன சீர்திருத்தம், அதைவிட மோசமான இடத்தில் ரகசியத்தைக் கொண்டுபோய் வைத்தது.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஃபயர்வால், பணியாளர்களின் இணையப் போக்குவரத்தை நடுவழியில் பிரித்துப் பார்க்கிறது. தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு வேறு உறையில் போட்டு ஒட்டித் தருவதைப் போன்றது இது. உறை மேல் இருக்கும் முத்திரை அனுப்பியவருடையதாக இருக்காது, தபால்காரருடையதாக இருக்கும். நிறுவனம் அந்த முத்திரையை விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடுவதால் பிரவுசர் வாய் திறக்காது. தனக்கென ஒரு சான்றிதழ்க் கோப்பை வைத்திருக்கும் கிட் மட்டும், இவர் யாரென்றே தெரியவில்லை என்று மறுக்கும்.

மறுப்பது கிட்டின் கடமை. ஆனால் இணையத்தில் தேடினால் முதலில் கைக்குக் கிடைக்கும் தீர்வு, சான்றிதழைச் சரிபார்க்கும் வேலையையே அணைத்துவிடும் ஒற்றை வரி. அதிலும் 'குளோபல்' என்ற சொல்லோடு. அதாவது, அலுவலக ஃபயர்வாலுக்காகச் செய்த விலக்கு, அந்தக் கணினியின் கிட் இனி எந்த சர்வரோடு பேசினாலும் செல்லும். மாலையில் அதே மடிக்கணினி ரயில் நிலையத்தின் இலவச வைஃபையில் இணையும்போதும் செல்லும். முறையான தீர்வு ஒன்றும் கடினமில்லை. விண்டோஸின் சான்றிதழ்ப் பட்டியலையே பயன்படுத்தும்படி கிட்டைத் திருப்பலாம். அல்லது நிறுவனத்தின் வேர்ச் சான்றிதழ்க் கோப்பைக் கிட்டுக்குக் காட்டிக்கொடுக்கலாம். இதைச் செய்ய வேண்டியது நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவு. போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க லட்சங்களில் கருவி வாங்குபவர்கள், அதோடு ஒத்துப்போகும் கிட் அமைப்பை எல்லாக் கணினிகளிலும் போட்டுத் தராமல் ஒவ்வொரு நிரலரும் தானே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பாதுகாப்புக்காக வாங்கிய கருவி பாதுகாப்பை அணைக்கும் பழக்கத்தைக் கற்றுத்தருகிறது.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2013 ஜனவரி 26 அன்று சீனாவில் கிட்ஹப்புக்குப் போன இணைப்புகளின் நடுவே யாரோ புகுந்து போலிச் சான்றிதழ் ஒன்றை நீட்டினார்கள். பிரவுசர்கள் எச்சரித்தன. சரிபார்ப்பை அணைத்து வைத்திருந்த கிட் எதுவும் எச்சரித்திருக்காது. கிட்ஹப் அப்போது கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டிருந்ததால், கேட்டவரிடம் அந்தக் கிட் அதை அப்படியே கொடுத்திருக்கும்.

வழி மறிக்கப்படுவதற்கு அரசும் காரணமாகலாம். 2014 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை முடக்க உத்தரவிட்ட 32 தளங்களில் கிட்ஹப்பும் இருந்தது. விமியோ, பேஸ்ட்பின், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவையும் அதே பட்டியலில். ஐஎஸ் அமைப்பு தொடர்பான பதிவுகள் என்று காரணம் சொல்லப்பட்டது. ஆண்டின் கடைசி நாளில் விவரம் வெளிவரும்வரை, தன் ரௌட்டரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டங்களைக் காட்டி ஈரான், சிரியா, கிரைமியா பயனர்களின் கணக்குகளை கிட்ஹப் கட்டுப்படுத்தியது. ஈரானுக்கு மட்டும் 2021 ஜனவரியில் விலக்குப் பெற்றது. இத்தகைய தடைகளுக்குக் கருவியில் மருந்து இல்லை. தடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

தெரிந்துகொள்வதற்கு இருக்கும் வழி சர்வரிடமே நேராகப் பேசிப்பார்ப்பது. எடிட்டரை ஒதுக்கிவிட்டு டெர்மினலுக்கு வர வேண்டும். எஸ்எஸ்எச் கட்டளையோடு விரிவாகப் பேசச் சொல்லும் 'வி' குறியைச் சேர்த்தால், முகவரி கிடைத்ததா, கதவு திறந்ததா, சர்வர் எந்தச் சாவியைக் காட்டியது, நம்முடைய எந்தச் சாவியை மறுத்தது என்று வரிவரியாகச் சொல்லிவிடும். எச்டிடிபிஎஸ் வழியென்றால் கிட்டின் டிரேஸ் வசதிகள் உண்டு. எஸ்எஸ்எச்சின் 22ஆம் போர்ட்டைக் கல்லூரியோ அலுவலகமோ அடைத்திருப்பது தெரியவந்தால், கிட்ஹப், கிட்லாப், பிட்பக்கெட் மூன்றுமே 443ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச்சுக்கு மாற்று முகவரி வைத்திருக்கின்றன. நிர்வாகியிடம் அனுமதி கேட்டுப் பயன்படுத்தலாம்.

சர்வரிடம் நேராகப் பேசும் இந்தக் கலைக்கு ஒரு வரலாற்றுப் பெருமையும் உண்டு. 2005இல் லினக்ஸ் கர்னலின் நிரல், பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதன் சர்வரோடு பேசும் மாற்றுக் கருவி ஒன்றை எழுத, கோபமடைந்த நிறுவனம் இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றது. அந்த இடத்தை நிரப்ப அதே ஆண்டு ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியதுதான் கிட். டிரிட்ஜெல் செய்த 'ரகசிய ஆராய்ச்சி' என்ன? டெல்நெட்டில் சர்வரோடு இணைந்து 'ஹெல்ப்' என்று தட்டியதுதான் தொடக்கம் என்று அவரே கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டு மேடையில் செய்து காட்டினார். தான் ஏற்கும் கட்டளைகளை எல்லாம் சர்வரே பட்டியலிட்டுக் கொடுத்தது.

வாசகர்களில் நிரலர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். கிட் அமைப்புகள் அனைத்தையும், எந்தக் கோப்பிலிருந்து வருகின்றன என்பதோடு சேர்த்துப் பட்டியலிடும் கட்டளையை இன்று ஓட்டிப் பாருங்கள். 'எஸ்எஸ்எல்வெரிஃபை' என்ற வரிக்கு எதிரே 'ஃபால்ஸ்' என்று இருந்தால், எப்போதோ ஓர் அவசரத்தில் நீங்களோ, உங்களுக்கு முன் அந்தக் கணினியை வைத்திருந்தவரோ போட்டது இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை நீக்குங்கள். நீக்கியதும் இணைப்பு அறுந்தால், நிறுவனத்தின் வேர்ச் சான்றிதழைக் கேட்டு வலையமைப்புப் பிரிவுக்கு எழுத்துபூர்வமாக விண்ணப்பியுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.