திரும்பி வந்த இரண்டு பிள்ளைகள்



வலயமட்டக் கூடைப்பந்தாட்டப் போட்டியில் எங்கள் பெண்பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்துவிட்டார்கள். தோல்விக்குச் சாட்டுச் சொல்ல இதை எழுதவில்லை. தோற்ற பிறகு ஊருக்குள் நடந்த கதைதான் எங்களை எழுத வைக்கிறது. “போன வருஷம் மாகாணத்துக்குப் போன டீமா இது?” என்று கடைத்தெருவில் ஒருவர் கேட்டார். “பொம்புளப் புள்ளைகளுக்கு இது என்னத்துக்கு?” என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். அவரும் தலையாட்டினார், இவரும் தலையாட்டினார். இரண்டு கேள்வியும் ஒன்றுக்கொன்று பதில் என்பது இருவருக்கும் விளங்கவில்லை.

முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறோம். இல்லை, இது போன வருட அணி இல்லை. போன வருடம் மாகாணமட்டம் வரை போன பன்னிரண்டு பேரில் ஏழு பேர் பதினோராம் தரத்துப் பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சை எழுதினார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஏழு பேரும் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள். அந்த ஏழு பேரில் அணிக்குத் திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு பிள்ளை விஞ்ஞானப் பிரிவுக்காக வேறு பாடசாலைக்குப் போய்விட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, படிக்கட்டும். மற்ற நான்கு பேரும் எங்கே? வெளியூருக்கும் போகவில்லை, படிப்பையும் விடவில்லை. எங்கள் பாடசாலையில்தான், பன்னிரண்டாம் தர வகுப்பில் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாள் காலையும் அந்தக் கோர்ட்டைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். பின்நேரம் நான்கு மணிக்குத்தான் அவர்களைக் காணவில்லை.

நாங்கள் நான்கு வீட்டுக்கும் போனோம். முதல் வீட்டில் வாப்பா சொன்னார்: “டீச்சர், புள்ள பெரிசாகிட்டா.” இதே பிள்ளை போன வருடம் மாகாணப் போட்டியில் விளையாடிய படத்தைத் தன் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டவர் அவர்தான். போன வருடமும் பிள்ளை பருவமடைந்த பிள்ளைதான். ஒரு வருடத்தில் மார்க்கம் மாறவில்லை, பிள்ளையின் உடுப்பும் மாறவில்லை. இரண்டாவது வீட்டில் ரியூஷன். கிழமையில் ஏழு நாளும் ரியூஷன். வெள்ளிக்கிழமைகூட ஜும்ஆ முடிந்த கையோடு ஒரு வகுப்பு. மூன்றாவது வீட்டில் உம்மாவுக்கு விருப்பம், வாப்பாவுக்கும் மறுப்பில்லை. சவூதியிலிருந்து லீவில் வந்த பெரியவாப்பா ஒரு சொல் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். நாலாவது வீட்டில் யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார்கள். எழும்பி வரும்போது உம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்: “ஒரு இடத்தில பேசிட்டிருக்காங்க டீச்சர். மாப்பிள வீட்டாக்கள் பார்த்தா ஏதும் சொல்லுவாங்க.” பிள்ளைக்கு வயது பதினேழு.

நான்கு வீட்டிலும் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா என்று கேட்டோம். நான்கு வீட்டிலும் அந்தக் கேள்வி ஒரு வேற்று மொழிக் கேள்வி மாதிரி விழுந்தது.

ஒரு பழைய வீராங்கனை திரும்பி வராவிட்டால் என்ன குறைந்துவிடும், புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளையாட்டையும் சொல்லவேண்டியிருக்கிறது. கூடைப்பந்தில் களத்தில் நிற்பது ஐந்து பேர். பந்து கைக்கு வந்தால் எட்டு செக்கனுக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும். எதிரணி முழுக் கோர்ட்டிலும் வந்து மறித்தால், முதல் வருடப் பிள்ளை பதறிப்போய்க் கண்ட இடத்துக்குப் பந்தை வீசும். இரண்டாம் மூன்றாம் வருடப் பிள்ளை ஒருதரம் மூச்சு விட்டு, தோழி எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக் கொடுக்கும். இதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்க முடியாது. வலயப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் கூடைக்கு எறிந்து தவறவிட்டது குறைவு. கூடைவரைக்கும் பந்து போகவே இல்லை. அரைவாசிப் பந்துகள் நடுக்கோட்டுக்கு முன்னமே பறிபோயின. ஓடத் தெரியாமல் இல்லை, எறியத் தெரியாமல் இல்லை. நிதானமாக நில்லு என்று உள்ளுக்குள் நின்று சொல்ல ஒரு மூத்த பிள்ளை போதவில்லை.

இன்னொன்று. ஒன்பதாம் தரத்துப் பிள்ளைக்கு எங்களைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பது பன்னிரண்டாம் தரத்து ராத்தாதான். நாங்கள் “முழங்காலை மடி” என்று பத்துத் தரம் சொன்னால் கேட்காத பிள்ளை, அந்த ராத்தா ஒருதரம் செய்து காட்டினால் பிடித்துக்கொள்ளும். அந்த ராத்தாவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு வருடமும் நாங்கள் ஒன்றிலிருந்து தொடங்குகிறோம்.

இனி ஊரின் பெரிய நியாயத்துக்கு வருவோம். “ஆம்பிளை கோச்சிட்டப் புள்ளைகள எப்படி விடுற? பொம்புள கோச் வந்தா நாங்க விடுவம்.” பள்ளிவாசல் நிருவாகத்தில் உள்ளவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நியாயமான கவலைதான், நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் பெண் பயிற்றுவிப்பாளர் எங்கிருந்து வருவார்? உயர்தரம் வரை விளையாடி, கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படித்து, ஊருக்குத் திரும்பி வரும் ஒரு பிள்ளையிடமிருந்துதான் வருவார். அந்தப் பிள்ளையைப் பதினாறு வயதில் நிறுத்திவிட்டு, இருபத்தைந்து வயதில் அவரைத் தேடுகிறோம். இல்லை என்றவுடன் அடுத்த பதினாறு வயதுப் பிள்ளையை நிறுத்துகிறோம். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்ட அதே ஊர்தான் ஒரு காலத்தில் பெண்பிள்ளையை எட்டாம் வகுப்போடு மறித்தது. அந்தப் புத்தி வர எத்தனை வருடம் சென்றது, அதற்குள் எத்தனை உம்மாமார் ஆண் வைத்தியரிடம் வாய்திறந்து நோயைச் சொல்லாமல் சிரமப்பட்டார்கள் என்று வயதில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

உடுப்பு? அந்தக் கதையும் பழசாகிவிட்டது. சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் தலையை மூடி விளையாட முன்பு தடை போட்டிருந்தது உண்மை. 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கட்டார் பெண்கள் அணியிடம் ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றமாட்டோம் என்று மொங்கோலியாவுக்கு எதிரான ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது அந்த அணி. அமெரிக்காவில் பில்கீஸ் அப்துல் காதிர் என்ற பெண் ஹிஜாபோடு விளையாடி, மசாசூசெட்ஸ் மாநிலப் பாடசாலைக் கூடைப்பந்தில் 3,000 புள்ளிகளைத் தாண்டிச் சாதனை படைத்தார். பிறகு மெம்பிஸ் பல்கலைக்கழகத்துக்கும் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் ஹிஜாபோடுதான் விளையாடினார். படிப்பு முடிந்து தொழில்முறையாக விளையாடப் போனபோது அந்தத் தடைதான் குறுக்கே நின்றது. அவரும் அவர் போன்றவர்களும் விடாமல் பேசினார்கள். 2017இல் சம்மேளனம் விதியை மாற்றியது. அந்த வருடம் ஒக்டோபரிலிருந்து தலையை மூடிக்கொண்டு சர்வதேசப் போட்டியிலேயே விளையாடலாம். அவருடைய விளையாட்டு வயதில் சில வருடங்கள் அதற்குள் போய்விட்டன. அவர் இழந்துதான் எங்கள் பிள்ளைகளுக்கு வழி திறந்தது. நாங்கள் அந்த வழியில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

2018இல் திருகோணமலையில் ஆசிரியைகள் அபாயா அணிந்து பாடசாலைக்கு வருவது பிரச்சினையானபோது இந்த ஊரே கொதித்தது நினைவிருக்கும். எங்கள் பெண்கள் தங்கள் உடையோடு பொது இடத்தில் இருக்க உரிமை வேண்டும் என்றோம். சரியாகத்தான் சொன்னோம், இன்றும் அதையே சொல்வோம். அந்த உரிமை எதற்கு? பொது இடத்துக்குப் போவதற்குத்தானே. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, ஹிஜாப் என்று எங்கள் பிள்ளைகள் ஒழுங்காக உடுத்துக்கொண்டுதான் கோர்ட்டுக்கு வருகிறார்கள். பிற சமூகத்தவர் எங்கள் பிள்ளையை உடுப்புக்காக மறித்தால் அது அநியாயம். நாங்களே மறித்தால் அதற்கு என்ன பெயர்?

மார்க்கத்தைச் சொல்பவர்களுக்கு மார்க்கத்திலிருந்தே ஒன்று. ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப்போட்டி ஓடிய சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது, ஜும்ஆ மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். முதல் தரம் ஆயிஷா (ரழி) முந்தினார்கள். காலம் சென்று, உடல் சற்றுப் பருத்த பிறகு இன்னொரு தரம் ஓடினார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் முந்தினார்கள். முதல் ஓட்டத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எங்களுக்கு அந்த இரண்டாவது ஓட்டம்தான் பெரிதாகத் தெரிகிறது. உங்களுக்கு வயது ஏறிவிட்டது, இனி ஓட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை.

“அது பிற ஆண்கள் பார்க்காமல் நடந்தது” என்று ஒரு மௌலவி எங்களிடம் சொன்னார். மிகவும் சரி. அப்படியானால் பிற ஆண்கள் பார்க்காதபடி ஒரு கோர்ட்டை அமைத்துத் தாருங்கள். நான்கு பக்கமும் தகரம் அடித்தால் போதும். ஆண்பிள்ளைகளின் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு இரவு லைட் போட ஒரே கிழமையில் காசு சேர்த்த ஊர் இது. வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களும் அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளின் கோர்ட்டுக்கு ஒரு தகரம் கேட்டு நாங்கள் அலைவது எத்தனையாவது வருடம் என்று எங்களுக்கே மறந்துவிட்டது. மறைப்பு இல்லை என்பது மார்க்கப் பிரச்சினை என்றால், மறைப்பைக் கட்டாமல் இருப்பது யாருடைய குற்றம்?

பெற்றோரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஆசிரியர்களாகிய நாங்களும் இதில் இருக்கிறோம். மாகாணத்துக்குப் போன அன்று பாடசாலை வாசலில் கட்டிய பேனரில் ஆண்பிள்ளைகளின் அணிக்கு முகமும் பெயரும் போட்டோம். பெண்பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணத்தின் படம் மட்டும். முகம் வேண்டாம் என்றால் பெயரையாவது போட்டிருக்கலாம். போடவில்லை, யாருக்கும் அது தோன்றவுமில்லை. பன்னிரண்டாம் தர வகுப்பின் முதல் நாளே “இனி விளையாட்டெல்லாம் மூட்டை கட்டுங்க” என்று சொன்னதும் எங்களில் ஒருவர்தான். பின்நேரம் கோர்ட்டை முதலில் ஆண்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் மிஞ்சும் கொஞ்ச நேரத்தைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் நாங்கள்தான். பிறகு “நேரம் செல்லுது, புள்ள இருட்டில வருது” என்று வாப்பாமார் சொன்னால் அவர்களோடு எந்த முகத்தோடு தர்க்கிப்பது?

படிப்புக் கெடும் என்பதற்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. விளையாட்டில் தேசியமட்டத்தில் சாதித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி வழி இருக்கிறது, மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை எடுத்துப் பாருங்கள். கிழமையில் இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் ஃபோனோடு கட்டிலில் கிடப்பதைப் படிப்பு என்று எந்த உம்மாவும் நம்புவதில்லை.

திரும்பி வருவதன் பெறுமதி தெரிய வேண்டுமென்றால் தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். வலைப்பந்தாட்டம்தான், ஆனாலும் கதை ஒன்றுதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தார். அதன்பின் இலங்கைக்கு அந்தக் கிண்ணம் கிடைக்கவே இல்லை. இடையில் அணிக்கு வெளியே இருந்துவிட்டு, முப்பது வயதைக் கடந்த பிறகு 2018இல் திரும்பி வந்தார். அந்த வருடம் சிங்கப்பூரில் கிண்ணம் மறுபடி இலங்கைக்கு வந்தது. உயரம்தான் காரணம் என்று சொல்வார்கள். உயரம் வீட்டில் இருந்தால் கிண்ணம் வராது.

எங்களுக்குத் திரும்பி வந்த இரண்டு பிள்ளைகளையும் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு பிள்ளைக்கு வாப்பா இல்லை. தம்பியைக் கொண்டுவந்து கோர்ட்டோரம் இருத்திவிட்டு விளையாடும், அவனுக்கு வீட்டுப்பாடமும் அங்கேயே நடக்கும். மற்றப் பிள்ளையின் வாப்பா ஒரு நிபந்தனை போட்டார்: உம்மா கூடவே வந்து, முடியும்வரை இருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். உம்மாவும் வந்தார். முதல் கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டு தஸ்பீஹ் மணியோடு இருந்தார். இரண்டாம் கிழமை “அந்தப் புள்ள ஏன் பந்தைத் தட்டாம ஓடுது, அது பிழையில்லையா?” என்று கேட்டார். பிழைதான். அதற்குப் பெயர் ட்ராவலிங் என்று சொல்லிக் கொடுத்தோம். இப்போது ஸ்கோர் சீட் எழுதுவது அவர்தான். எங்கள் விசிலுக்கு முன் அவருடைய சத்தம்தான் வருகிறது. வலயப் போட்டியில் நடுவரோடு வாக்குவாதப்படப் போனவரை நாங்கள் கையைப் பிடித்து இருத்தவேண்டியதாயிற்று.

அந்த நான்கு வீட்டாரும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். பெயர் சொல்லவில்லை, கோபிக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகளின் நான்கு ஜேர்சிகளையும் யாருக்கும் கொடுக்காமல் அலுமாரியில் வைத்திருக்கிறோம். நிருவாகத்தோடு பேசி நேரத்தையும் மாற்றிவிட்டோம். ஞாயிறும் புதனும் மூன்றரை மணிக்குத் தொடங்கி, ஐந்து மணிக்கு முடிப்போம். அஸர் பாடசாலைத் தொழுகை அறையில். ஆண்பிள்ளைகளுக்குக் கோர்ட் அதற்குப் பிறகுதான். வரக்கூடிய உம்மாமார் பிள்ளைகளோடு வாருங்கள், பிளாஸ்டிக் கதிரை இருக்கிறது. ஸ்கோர் எழுத இன்னும் ஒருவர் தேவைப்படுகிறது. தகரத்துக்குப் பொறுப்பெடுக்க விரும்பும் சகோதரர்கள் அதிபர் அலுவலகத்தில் பேசுங்கள். கோர்ட்டின் நான்கு பக்கத்தையும் அளந்து எழுதி அங்கே கொடுத்திருக்கிறோம்.