கரையானும் கோழிக்குஞ்சும்

பாவு நூலையும் தறிமரத்தையும் அரிக்கும் கரையானை நெசவாளர் வெறுப்பர். கரும்புக் கரணையையும் நிலக்கடலை வேரையும் தின்னும் அதனை உழவர் சபிப்பர். இவ்விரு சாராரும் ஒன்றுகூடியுள்ள கூட்டுறவுக் குடும்பத்தில் நாம் கரையானுக்காகப் பரிந்து பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்கும் அங்கத்தினர் இல்லங்களைக் கருதியே இதனை எழுதுகின்றோம்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் தார் சுற்றும் தாய்மாருக்கும் களையெடுக்கும் தாய்மாருக்கும் நாட்டுக்கோழி ஒரு சிறுவாட்டுப் பெட்டி. பிள்ளைக்குப் புத்தகமோ, திடீரென மருந்துச் செலவோ வந்தால் உதவுவது அந்தக் கோழி விற்ற பணமேயாகும். ஆனால், பொரித்த குஞ்சுகளுள் பல இறகு முளைக்குமுன்பே மடிவதைக் காணாத வீடு அரிது. பருந்தும் பூனையும் கொண்டு போவன சில. நோயால் மாள்பவை சில. இவையன்றி, வயிறு நிறையத் தின்றும் வலுவின்றித் தேய்ந்து போகும் குஞ்சுகளும் உண்டு. இதனை ‘நமக்குக் கோழி ராசியில்லை’ என்று கூறிக் கைவிடுவது தகாது. இதற்குக் காரணமும் உண்டு, பரிகாரமும் உண்டு.

குஞ்சின் முதல் சில வாரங்கள் சதையும் இறகும் விரைந்து வளரும் காலம். இறகு என்பது ஏறக்குறைய முழுவதும் புரதத்தால் ஆனது. ஆகவே, குஞ்சுத் தீவனத்தில் நூற்றுக்கு 20 பங்கு அளவில் புரதம் இருத்தல் வேண்டும் என்பர். நாம் இறைக்கும் அரிசிக் குருணையில் அதில் பாதிகூட இல்லை. அதிலும் லைசின் என்னும் இன்றியமையாத சத்து மிகக் குறைவு. கரையானிலோ, உலர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட புரதம் அடங்கியுள்ளது. தாய்க்கோழி குப்பையைக் கிளறிப் பூச்சியைக் காட்டிக் குஞ்சுகளை அழைப்பது வீண் விளையாட்டன்று. சிமிண்டுத் தளம் போட்ட முற்றங்களில் அதற்குக் கிளற இடமில்லாமற் போனதால், அக்கடமை நம்முடையதாயிற்று.

இதற்கெனக் காசு செலவில்லை. ஓட்டைப் பழம்பானை ஒன்றில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, சோளத்தட்டை, காய்ந்த ஓலை இவற்றை நிரப்பி, நன்றாக நீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள நிழலான மண்தரையில் மாலை வேளையில் கவிழ்த்து வைக்க வேண்டும். பெரும்பாலும் மறுநாட் காலையிலேயே கரையான் ஏறியிருக்கும். மண் காய்ந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் ஆகும். வெயிலேறுமுன் பானையை எடுத்துப் பஞ்சாரத்தருகே உதறினால் போதும். குஞ்சுகள் தாமே பொறுக்கிக்கொள்ளும். பொரித்த முதலிரு நாட்கள் நொய்க்குருணை கொடுத்து, பின்னர்க் கரையானைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நலம். கரையான் கிடைக்கிறதென்று தானியத்தை நிறுத்திவிடலாகாது.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில் புர்க்கினா பாசோ, டோகோ, பெனின் முதலிய நாடுகளின் சிற்றூர் உழவர்களும் சாணமும் வைக்கோலும் நிரப்பிய பானையைக் கவிழ்த்துக் கரையான் பிடித்துக் குஞ்சுகளுக்கு இடுகின்றனர். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013-இல் பூச்சிகளை உணவாகவும் தீவனமாகவும் கொள்வது பற்றித் தனி நூலே வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம், பதப்படுத்திய பூச்சிப் புரதத்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்க 2021-இல் அனுமதியளித்தது. நம் பாட்டிமார் அறிந்திருந்ததை உலகம் இப்போது நிறுத்துப் பார்த்து ஒப்புக்கொண்டுள்ளது.

புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெறும் சங்கரநாராயணர் கோயில் அமைந்த ஊர் நம்முடையது. புற்றைத் தொடுவது தகுமோ என்று முதியோர் கேட்பதில் நியாயமுண்டு. குஞ்சுக்காகப் புற்றைக் கடப்பாறையால் இடிப்பதை நாமும் ஆதரிக்கவில்லை. பானை முறையில் புற்று இடிபடுவதில்லை. இரை தேடி வெளிவரும் கரையான்கள் மட்டுமே பானையில் ஏறுகின்றன. உள்ளே ராணி நலமாயிருக்க, நாளையும் கரையான் கிடைக்கும். முதலை அழிக்காமல் வட்டியை மட்டும் எடுத்துண்ணும் இம்முறையின் அருமையைச் சங்க அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

எனினும், சில எச்சரிக்கைகள் அவசியம். தறிக்கூடத்துக்கும் நூல் அடுக்கிய அறைக்கும் அருகில் பானை வைக்கலாகாது. தோட்டத்து ஓரமே தக்க இடம். சாயம் ஏறிய கழிவு நூலைப் பானைக்குள் இடவேண்டாம். குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து ஊற்றிய நிலத்திலிருந்து கரையானைப் பிடிக்கவே கூடாது. குஞ்சுக்கு அது இரையன்று, நஞ்சு. எறும்பும் சாணவண்டும் நாடாப்புழுவைக் கோழிக்குக் கொண்டுவரக்கூடும். ஆதலால், மேயும் கோழிக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுத்து வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு கரையான் தின்ற குஞ்சாயினும் இராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தப்பாது. முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தையொட்டித் தடுப்பூசியும் தவறாமல் அளித்தல் வேண்டும்.

சங்கங்கள் கடன் கொடுத்து வசூலிப்பதோடு தம் கடமை முடிந்ததென்று இருத்தல் போதாது என்பது நம் கருத்து. கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை அங்கத்தினர் தெருக்களுக்கே அழைத்து வரச் சங்க நிர்வாகிகள் முயல வேண்டும். பானை கவிழ்க்கும் முறையை அறிந்த மூத்த தாய்மாரை மாதர் கூட்டங்களில் பேசச் செய்து, இளம் தலைமுறைக்குக் கற்பிக்க வேண்டும். தீவன மூட்டை வாங்க வசதியில்லாத வீட்டிலும் ஓர் ஓட்டைப் பானை இருக்கும். அது குப்பைக்குப் போகாமல் கொல்லைக்குப் போகட்டும் என்று அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.