கோச்சுக்குப் பொருந்தாத ஒழுக்கம்

2000 செப்டம்பர். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர் ஒருவர், எதிரே வந்த கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாபி நைட்டைப் பார்த்து 'என்ன நைட்' என்கிற தொனியில் நலம் விசாரித்தார். மிஸ்டரும் சேர்க்கவில்லை, கோச்சும் சேர்க்கவில்லை. வெறும் பெயர். நைட் அவர் கையைப் பிடித்து நிறுத்தி மரியாதை பற்றிப் பாடம் எடுத்தார். அழுத்திப் பிடித்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்றார் மாணவர். நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான் என்றார் நைட். சில நாட்களில் நைட்டின் வேலை போனது. அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் திரண்டு நைட்டுக்காகக் கோஷம் போட்டார்கள். அவரை நீக்கிய பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்டின் உருவபொம்மை எரிந்தது. அந்த மாணவருக்கோ மிரட்டல்கள் வந்தன.

பெயரோடு எதைச் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்பதற்காக ஒருவரை வழிமறித்துப் பாடம் எடுப்பது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் தோழர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டில் ஒழுக்கம் என்ற பேச்சு வந்தாலே அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மேலாண்மை வகுப்புகளிலும், தன்னம்பிக்கைப் புத்தகங்களிலும் 'டீம் கல்ச்சர்' என்று அவர்கள் கதைகள்தான் ஓடுகின்றன. அந்தக் கதைகளில் பயிற்சியாளர் மட்டுமே பேசுவார். அடி வாங்கியவர் பேசமாட்டார். எனவே அவர்கள் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

நைட் இண்டியானாவில் 29 ஆண்டுகள் இருந்தார். 1976, 1981, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசியப் பட்டம். 1976 அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 1985இல் பர்டூ அணிக்கு எதிரான ஆட்டத்தில், நடுவரின் முடிவு பிடிக்காமல் நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்தில் வீசினார். ஒரு வீரர் அதைச் செய்திருந்தால் அது ஒழுங்கீனம். கோச் செய்ததால் 'ஆர்வம்' ஆனது. பல ஆண்டுகள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதையும் ஆனது. 1997இல் பயிற்சியின்போது நீல் ரீட் என்ற வீரரின் கழுத்தைப் பிடித்தார். ரீட் அந்த அணியை விட்டே போனார். 2000இல் அவர் இதை வெளியே சொன்னபோது பொய் என்றார்கள். பிறகு வீடியோ வந்தது. அப்போதும் நைட்டுக்கு மூன்று ஆட்டத் தடையும் அபராதமும், இனி ஒரு தவறும் கூடாது என்ற எச்சரிக்கையும்தான் கிடைத்தன. அந்த எச்சரிக்கைக்குப் பிறகுதான் 'என்ன நைட்' சம்பவம். மறு ஆண்டே டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

நைட்டின் பழைய வீரர்கள் பலர் 'அவர்தான் என்னை மனிதனாக்கினார்' என்று சொல்வது உண்மை. அந்த நன்றியை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் இதைச் சொல்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள். விட்டுப் போனவர்களை யாரும் மேடையேற்றிக் கேட்பதில்லை. தாக்குப்பிடித்தவர்களின் சாட்சியத்தை மட்டும் வைத்துக் கொடுமைக்கு நற்சான்றிதழ் கொடுப்பது பழைய தந்திரம். அடித்து வளர்த்ததால்தான் உருப்பட்டோம் என்று சொல்பவர்கள், அடித்ததால் பள்ளியை விட்டே ஓடிப்போனவர்களை எண்ணுவதில்லை.

இதை ஒரு முன்கோபியின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பயிற்சியாளர் மைக் ரைஸ் வீரர்கள் மீது பந்தை எறிகிறார், தள்ளுகிறார், உதைக்கிறார், தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் வசையால் திட்டுகிறார். எல்லாம் வீடியோவில் இருக்கிறது. 2012 இறுதியில் நிர்வாகம் அதைப் பார்த்தது. தண்டனை, மூன்று ஆட்டத் தடையும் அபராதமும். 2013 ஏப்ரலில் அதே வீடியோவை ஈ.எஸ்.பி.என். ஒளிபரப்பியது. மறுநாளே ரைஸ் நீக்கப்பட்டார். டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வீடியோவில் ஒன்றும் மாறவில்லை, தோழர்களே. பார்த்தவர்கள்தான் மாறினார்கள். நிர்வாகம் மட்டும் பார்த்தபோது அது 'கண்டிப்பு'. நாடே பார்த்தபோது அது குற்றம்.

இருபது வயது இளைஞர்கள், உடல் வலுவுள்ளவர்கள், ஏன் திருப்பிக் கேட்கவில்லை? பதில் அவர்களின் உதவித்தொகைக் கடிதத்தில் இருக்கிறது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. 1973இல் விளையாட்டு உதவித்தொகையை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒன்றாக மாற்றியது. கோச்சுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டுப் படிப்பே கேள்விக்குறி. சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் பல ஆண்டு உதவித்தொகைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. வேறு கல்லூரிக்கு மாறும் கூடைப்பந்து வீரர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதி 2021 வரை இருந்தது. அதே காலத்தில் கோச் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கல்லூரிக்குப் போகலாம். மறு சீசனே அங்கே பயிற்சி கொடுக்கலாம். கோச் போனால் முன்னேற்றம். வீரர் போனால் விசுவாசமின்மை. இந்த ஏற்றத்தாழ்வின் மேல் நின்றுகொண்டுதான் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று பேசினார்கள்.

யாரை ஒழுக்கமற்றவர்கள் என்று முத்திரை குத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1980களில் ஜார்ஜ்டவுன் அணியில் பெரும்பாலும் கறுப்பின வீரர்கள். கோச் ஜான் தாம்சனும் கறுப்பினத்தவர். முரட்டுத்தனமாக ஆடுகிறார்கள், ரவுடிகள் என்று எழுதினார்கள். 2023இல் சவுத் கரோலினா பெண்கள் அணியின் கோச் டான் ஸ்டேலி, தன் வீராங்கனைகளைக் குரங்குகள், ரவுடிகள் என்ற பார்வையில் பேசாதீர்கள் என்று செய்தியாளர்கள் முன் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைக்கார கோச் நாற்காலியை வீசினால் ஆர்வம். கறுப்பினப் பெண் தோள்கொடுத்து ஆடினால் முரட்டுத்தனம். ஒழுக்கம் என்ற சொல்லை இனம் பார்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் ஒழுக்கமே வேண்டாமா? வேண்டும். ஐந்து பேர் ஒரு பந்தை வைத்து ஆடும் ஆட்டத்தில் ஒழுக்கம் இல்லாமல் ஒரு பாஸ்கூடப் போய்ச் சேராது. எந்த ஒழுக்கம் என்பதுதான் கேள்வி.

யூ.சி.எல்.ஏ. கோச் ஜான் வுடன் 1964 முதல் 1975 வரை பத்துப் பட்டங்கள் வென்றவர். முதல் நாள் பயிற்சியில் காலுறையைச் சுருக்கமில்லாமல் போடக் கற்றுக்கொடுப்பார். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. விதியோடு காரணமும் வந்தது. பில் வால்ட்டன் அவரது மிகப் பெரிய நட்சத்திரம். விடுமுறை முடிந்து தாடியோடு வந்து, தாடி வைப்பது என் உரிமை என்றார். உன் உறுதியை மதிக்கிறேன், ஆனால் நீ இல்லாமல் ஆடப்போகிறோம் என்கிற பொருளில் வுடன் பதில் சொன்னார். வால்ட்டன் போய் மழித்துவிட்டு வந்தார். தாடிக்குத் தடை போட்டது சரியா என்று நாங்கள் சண்டை போடுவோம். ஆனால் நட்சத்திரத்துக்கு ஒரு விதி, பெஞ்சில் இருப்பவருக்கு ஒரு விதி என்று அவர் வைக்கவில்லை. அவர் யார் கழுத்தையும் பிடிக்கவில்லை.

ஜான் தாம்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். கண்டிப்பில் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை. காற்றுப் போன ஒரு கூடைப்பந்தை மேசையில் வைத்திருப்பார். பந்தில் காற்று போன பிறகு உன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று வீரர்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காக. தன் வீரர்களோடு ஒரு போதைப்பொருள் வியாபாரி பழகுவது தெரிந்ததும், வீரர்களைக் கண்டித்ததோடு விடவில்லை. அந்த வியாபாரியையே தன் அறைக்கு வரவழைத்து, பிள்ளைகளை விட்டு விலகு என்றார்.

1989 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. 'புரொபோசிஷன் 42' என்ற விதியைக் கொண்டுவந்தது. பள்ளி மதிப்பெண்ணிலும் நுழைவுத் தேர்விலும் குறிப்பிட்ட அளவை எட்டாதவர்களுக்கு முதலாண்டில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்குத்தான் இது கதவடைப்பு என்றார் தாம்சன். பாஸ்டன் காலேஜுக்கு எதிரான ஆட்டம் தொடங்கும் நேரத்தில், தோளில் இருந்த துண்டை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு அரங்கை விட்டு வெளியே நடந்தார். அடுத்த ஆண்டு அந்த விதி தளர்த்தப்பட்டது. நீட்டை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களுக்கு அந்த நடையின் அர்த்தம் புரியும். அவர் கண்டிப்பு கீழே இருப்பவர்களை மிதிக்கவில்லை. மேலே இருப்பவர்களை நோக்கித் திரும்பியது.

அணிப் பண்பாடு கோச் மட்டும் உண்டாக்கும் பொருளும் அல்ல. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 13க்கு 2 என்று வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர முடிவெடுத்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. ஆண்டு இறுதியில் அந்த மனு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும், யாரும் விசில் ஊதாமல் பதின்மூன்று பேர் ஒன்றாக நின்றார்களே, அதற்குப் பெயர்தான் அணி.

கல்லூரி அணியிலோ, விடுதியிலோ, நம் சொந்த இயக்கத்திலோ ஒருவர் ஒழுக்கம் பேசினால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விதிக்குக் காரணம் சொல்கிறீர்களா? விதி போட்டவரையும் இது கட்டுப்படுத்துமா? தண்டிக்கப்பட்டவர் படிப்பையோ வாழ்வையோ இழக்காமல் எதிர்த்துப் பேச முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால், மூச்சு வாங்க ஓடச் சொன்னாலும் ஓடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அவர் கேட்பது ஒழுக்கம் இல்லை, கீழ்ப்படிதல். அதைக் கொடுக்க நாம் யாருக்கும் கடன்படவில்லை.